இடது பக்கத்து சீட்

ஸ்டியரிங் கனத்தபோதுதான் இன்ஜின் நின்றுபோனது முத்துச்செல்விக்குத் தெரிந்தது. ஆனி மாதத்துக் காற்று கண்ணாடியில் மோதி இரைந்துகொண்டிருந்ததில் இன்ஜின் அடங்கியது காதில் விழவேயில்லை. ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்த கம்பியை மேலே இழுத்துப் பார்த்தாள். அதை இழுத்தால்தான் வண்டி வேகமெடுக்கும், கீழே அமுக்கினால் பிரேக்; போலியோவில் சூம்பிய அவள் கால்களுக்கு அந்த வண்டியில் வேலையே கிடையாது. இழுத்த இழுப்புக்கு ஒரு மறுமொழியும் இல்லை. போன வேகத்திலேயே வண்டி உருண்டுகொண்டிருந்தது, பின்னால் ஒரு லாரி ஆரனை அமுக்கிப் பிடித்தபடி வந்தது, இன்ஜின் செத்த வண்டியில பிரேக் ஒண்ணு ரெண்டு தடவைதான் கேக்கும் செல்வி, அப்புறம் கல்லா இறுகிரும், வீணாக்காத, ஒதுக்கு, முதல்ல ஒதுக்கு என்று செத்துப்போன புருஷன் லிங்கதுரையின் குரல் எப்போதும்போலக் காதுக்குள் சொன்னது, அவள் உடம்பின் பலம் முழுவதையும் தோளுக்குக் கொண்டுவந்து ஸ்டியரிங்கைத் திருகி, தார் ரோட்டை விட்டுச் செம்மண்ணில் இறக்கி, கம்பியை ஒரே அமுக்காக அமுக்கினாள். வண்டி நின்றது. லாரி கடந்து போன காற்றிலும், மலைக் கணவாயிலிருந்து வந்த காற்றிலும் லேசாக ஆடியது. இடது பக்கத்து சீட்டில் ஜெயக்கனி மடியிலிருந்த பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். லிங்கதுரையின் தங்கை. அண்ணனுடைய அதே அகலமான தோள், அதே கனத்த உடம்பு. ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை. சொல்லாததால் அவள் மனசுக்குள் ஓடுவதெல்லாம் முத்துச்செல்விக்குக் கேட்டது, இப்படித்தானா, அன்னைக்கும் இப்படித்தானா, இதே ரோட்டுலயா, எங்க அண்ணன் நெஞ்சப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தது இந்த சீட்டுலதானா.

இதே ரோடுதான். காவல்கிணறு தாண்டி முப்பந்தலுக்குப் போகிற வழி, இரண்டு பக்கமும் காற்றாலைகள். இன்றைக்கு அத்தனையும் வெறிபிடித்ததுபோலச் சுற்றிக்கொண்டிருந்தன. அன்றைக்குத் தை மாதம், ஒரு இறக்கைகூட அசையவில்லை, வெள்ளைவெள்ளையாகக் கைவிரித்து நின்றன, அந்த ஊமைத்தனம்தான் இப்போதும் கனவில் வருகிறது. ஊருக்கெல்லாம் கரண்டு அனுப்புகிற காட்டுக்குள் இந்த ஒரு வண்டிக்குக் கரண்டு இல்லை. கரண்டு பிரச்சினைதான் என்று எல்லா மெக்கானிக்கும் சொன்னார்கள், எங்கே என்றுதான் ஒருவருக்கும் தெரியவில்லை. வள்ளியூரில் பிளக்குகளை மாற்றினார்கள். பணகுடியில் பெட்ரோல் பம்பையே மாற்றினார்கள். பேட்டரி புதிது. கழற்றி, மாட்டி, தனியாக நெடுக ஓட்டிப் பார்த்துவிட்டு, நல்லாத்தானம்மா ஓடுது என்று சாவியைக் கையில் கொடுப்பார்கள். அவளுக்கும் நன்றாகத்தான் ஓடும். பணகுடி தபால் ஆபீசுக்குத் தினமும் தனியே போய் வருகிறாள், ஒரு நாள் நின்றதில்லை. யாராவது ஏறினால்தான் வினை. போஸ்ட்மாஸ்டர் அம்மாளைப் பஸ் ஸ்டாண்டில் விடுகிறேன் என்று ஏற்றிக்கொண்டு வந்தாள், ரயில்வே கேட்டுக்கு முன்னால் செத்து நின்றது. அடுத்த வீட்டு மெலிந்த கிழவி ஏறினபோது நிற்கவில்லை. சர்ச் தெரு டெய்லர் ஏறினபோது நின்றது. யாரைப் பிடிக்கும், யாரைப் பிடிக்காது என்று அவளே மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பித்திருந்தாள், பகலில் சிரிப்பாக இருக்கும், விளக்கணைத்துப் படுத்தால் சிரிப்பு வராது. துரை தன் எடத்துல வேற ஆள உக்கார விடமாட்டான் போல என்று அத்தை, லிங்கதுரையின் அம்மா, ஒருநாள் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அரிசி புடைக்கப் போய்விட்டாள். அதற்கப்புறம் அந்த சீட்டில் பையைக்கூட வைப்பதில்லை.

முழு ஒயரிங்கையும் பிடுங்கிப்போட்டுப் புதிசாக இழுக்கணும் என்று கடைசியாகப் பார்த்தவர் சொன்னார். சரி என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த வண்டியில் ஓடுகிற ஒயரெல்லாம் லிங்கதுரையின் விரல் பட்டு ஓடுகிறது. மைக் செட் வைத்திருந்தவர். கோயில் கொடை விழாவுக்குக் குழல் ஸ்பீக்கர் கட்டுகிறவர், வேப்பமரத்திலிருந்து கோபுரம் வரைக்கும் சீரியல் லைட்டால் பாம்பும் மயிலும் ஓடவிடுகிறவர். கல்யாணமான புதிதில், பஸ் படியில் அவளைத் தூக்கி ஏற்றுகிற கண்டக்டரின் கை எங்கே படுகிறது என்று பார்த்துவிட்டு, ஒரு பழைய காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். கையால் ஓட்டுகிற கம்பியையும் தானாக கியர் மாறுகிற பெட்டியையும் நாகர்கோயில் பட்டறையில் போட்டுத் தந்தார்கள். மற்றதெல்லாம் அவர் போட்டது. பின்னால் இரண்டு பெரிய ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர், வண்டிக்கு அடியில் நீல வெளிச்சம், திருடன் கொண்டுபோகாமலிருக்க ஒரு ரகசிய ஸ்விட்ச், டேஷ்போர்டில் பேட்டரி எவ்வளவு தருகிறது என்று பச்சையில் காட்டுகிற மீட்டர். தேர் மாதிரி இருக்கு, தபால் ஆபீசுக்குத் தேர்லயா போகணும் என்று கேட்டாள். தேர்லதான் போகணும் என்றார். முறுக்கிய ஒயர்களின் மேல் டேப் சுற்றும்போது கடைசிச் சுற்றைப் பல்லால் கடித்து அறுப்பார். அந்தப் பல் பட்ட நுனிகள் இந்த வண்டிக்குள் எங்கெங்கேயோ இருக்கின்றன. அதைப் பிடுங்கு என்று யாரிடம் சொல்வது. பிடுங்குவதற்குப் பதிலாக விற்றுவிடுவது என்று ஆனது. வித்துத் தொலைங்க மதினி என்று ஜெயக்கனி ஆளனுப்பிச் சொன்னாள், அத்தையும் சொன்னாள். தோவாளையில் ஒரு பூ வியாபாரி, அவருக்கும் கால் விளங்காது, நிற்கிற வண்டி என்று தெரிந்தும் வாங்கிக்கொள்கிறேன் என்றார். இன்றைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு இரண்டு பேரும் பஸ்ஸில் திரும்புவதாகப் பேச்சு. இனி திரும்பவும் கண்டக்டர்களின் கை.

சாவியைத் திருப்பினாள். பச்சை எண் மீட்டரில் எழுந்தது, பேட்டரி சரி. காதைப் பின்பக்கம் கொடுத்தாள். சாவியைப் பாதி திருப்பியதும் பின் சீட்டுக்கு அடியிலிருந்து பெட்ரோல் பம்ப் ம்ம்ம் என்று முனகும், ஒரு பெருமூச்சு நேரம், அப்புறம் அடங்கும், அந்த முனகல் வந்தால்தான் பெட்ரோல் ஏறும். வரவில்லை. வராதென்று தெரியும். சத்தம் வருதா செல்வி. நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்றைக்கு அவர் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். இடது கை நெஞ்சுக்கு நடுவே, வேர்வை காதுக்கடியில் கோடாக, உதடு வெளுத்து, சத்தம் வருதா, நல்லாக் கேட்டுச் சொல்லு. அவள் மடத்தனமாக அவர் நெஞ்சைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து அவர் பக்கம் சாய்ந்து காதைக் கொண்டுபோனாள். அட, பம்பச் சொல்லுதேன்டி என்றார், அந்த வலியிலும் சிரித்தார். வரலை என்றாள். இரு என்று கதவைத் திறந்தார். இறங்காதீங்க என்று சொன்னாளா? சொன்னாள். சொன்னாள் என்றுதான் நினைக்கிறாள். எத்தனையோ தடவை அந்த இடத்துக்குத் திரும்பிப் போயிருக்கிறாள், போகும்போதெல்லாம் கதவு திறக்கிற சத்தம்தான் பெரிதாகக் கேட்கிறது, தன் குரல் கேட்பதில்லை. அவர் முன்னால் போய் பானெட்டைத் தூக்கினார். கண்ணாடிக்கு வெளியே தகரம் எழுந்து அவரை மறைத்தது. உள்ளே எதையோ தட்டினார். இப்பப் போடு என்றார். போட்டாள். முனகல் வந்தது, இன்ஜின் எடுத்தது, பானெட்டை மூடிவிட்டு, வேர்வை ஒழுக, பாத்தியா என்பதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். வண்டி போனது. முப்பந்தல் கோயில் முன்னால் திரும்பவும் நின்றது. திரும்பவும் இறங்கினார், தட்டினார், எடுத்தது. திரும்பவும் நின்றது. பேட்டரி டெர்மினல்தான், லூசு, நான் புடிச்சிட்டேன் என்றார். கடைசியில் இறங்கினவர் பானெட்டின்மேல் கையை ஊன்றி அப்படியே சரிந்தார், அப்போது இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, அழகாக ஓடிக்கொண்டிருந்தது, அவள் ஊன்றுகட்டைகளை இழுத்து இறங்குவதற்குள் செங்கல் லாரிக்காரர்கள் ஓடி வந்து அவரைத் தூக்கிப் பின் சீட்டில் கிடத்தினார்கள். ஒருவர் கூடவே ஏறிக் கால் வைக்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். அங்கிருந்து நாகர்கோயில் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வண்டி ஒரு விக்கல்கூட விக்கவில்லை. அதுதான் அவளைப் பிடித்து ஆட்டுகிற இடம். மூச்சு இருந்தவரை நின்று நின்று போன வண்டி, மூச்சு போனபிறகு ஏன் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் முன்னமே முடிந்துவிட்டது என்றார்கள். வீட்டு முற்றத்தில், ஊர் கூடியிருக்கும்போது, ஜெயக்கனி அவள் முகத்துக்கு நேரே கேட்டாள். சாகக் கெடக்குற மனுசன எறங்கி வேல பாக்க விட்டுட்டு நீங்க உள்ள உக்காந்திருந்தியளோ. ஆமாம், உட்கார்ந்திருந்தாள்.

ஜெயக்கனி இப்போது கதவைத் திறந்தாள். காற்று கதவைப் பிடுங்கப் பார்த்தது. தோவாளைக்காரருக்கு போன் பண்ணி ஆளனுப்பச் சொல்கிறேன், உள்ளே சிக்னல் இல்லை என்று முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டு இறங்கி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ரோட்டோரத்து உடைமரத்தடிக்கு நடந்தாள். காற்று அவளைப் பின்னாலிருந்து தள்ளியது. அந்த நடையைப் பார்க்காமலிருக்க முத்துச்செல்வி முகத்தைத் திருப்பினாள். முதுகைக் கொஞ்சம் வளைத்து, பாதத்தை அகட்டி வைக்கிற அதே நடை, பின்னாலிருந்து பார்த்தால் சேலை கட்டின லிங்கதுரை. கைக்கு ஏதாவது வேலை வேண்டும்போலிருந்தது. சாவியை அணைத்துத் திரும்பப் பாதி திருப்பினாள். ம்ம்ம் என்றது பின்னால். காற்றாக இருக்கும். அணைத்தாள், திருப்பினாள். ம்ம்ம். முழுவதும் திருப்பினாள், இன்ஜின் எடுத்தது. நின்றதற்கான அடையாளமே இல்லாமல் ஓடியது. ஆரனை அடித்தாள். ஜெயக்கனி போனைக் காதிலிருந்து எடுக்காமலே திரும்பிப் பார்த்துவிட்டு வந்து ஏறினாள். சிக்னல் அங்கேயும் இல்லையாம். அவள் உட்கார்ந்து, சீட்டில் சரிந்து, பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள், இன்ஜின் இரண்டு தடவை இருமியது, செத்தது.

இப்போது எதையும் தொடாமல் முத்துச்செல்வி உட்கார்ந்திருந்தாள். கை கம்பியின் மேலேயே இருந்தது. யாரோ மெதுவாக ஒரு திரையை இழுக்கிற மாதிரி இருந்தது, இழுக்காதே என்று சொல்லத் தோன்றியது. கொஞ்சம் எறங்கு ஜெயா என்றாள். எதுக்கு என்றாள் ஜெயக்கனி. எறங்கேன். இறங்கினாள். சாவியைத் திருப்பினாள், முனகல் வந்தது. ஏறு. ஏறினாள். முனகல் இல்லை. சீட்ட விட்டு உடம்ப மட்டும் தூக்கு, எறங்காத, மேல கைப்புடியப் புடிச்சுக்கிட்டு எக்கு. என்ன வெளையாட்டு காட்டுதிய மதினி என்று சலித்துக்கொண்டாலும் எக்கினாள். ம்ம்ம். உட்கார்ந்தாள். அறுந்தது. மெலிந்த கிழவி ஏறினபோது நிற்கவில்லை. டெய்லர் பருத்த ஆள். போஸ்ட்மாஸ்டர் அம்மாள் இரண்டு பேர் இடத்தை அடைப்பவள். மெக்கானிக்குகள் தனியாக ஓட்டிப் பார்த்தார்கள். தனியாக ஓடினால் நன்றாக ஓடும். வண்டிக்கு ஒருவரையும் பிடிக்கும் பிடிக்காது என்றில்லை. சீட்டில் பாரம் ஏறினால் நிற்கிறது. பாரம் இறங்கினால் ஓடுகிறது. அவ்வளவுதான். அவ்வளவுதானா? அவர் இறங்கினார், ஓடியது. உட்கார்ந்தார், நின்றது. பானெட்டுக்குள்ளே அவர் தட்டினதில் ஒன்றுமே நடக்கவில்லை. டெர்மினலில் ஒன்றுமே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் அவருடைய உடம்பே வண்டியை நிறுத்திக்கொண்டு வந்தது, அவர் இறங்கி இறங்கி, இல்லாத கோளாறைச் சரிபண்ணிப் பண்ணி, அதில் நெஞ்சு இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம் என்று கிழிந்து, நான் புடிச்சிட்டேன் என்று சொல்லி, அதை நம்பிக்கொண்டே போய்ச் சேர்ந்தார். பின் சீட்டில் கிடத்தினதும் ஏன் ஓடியது. முன் சீட்டு காலியாக இருந்தது. அதனால் ஓடியது. பின்னால் படுத்திருந்தால். கிளம்பும்போதே பின்னால் படுத்திருந்தால். வாசலில் அவள் பின் கதவைத்தான் திறந்துவிட்டாள், அது ஞாபகம் இருக்கிறது, அதில் சந்தேகமே இல்லை, பின்னால படுங்க என்றாள், தலையணைகூட எடுத்துப் போட்டாள். அவர்தான் அந்தக் கதவைச் சாத்திவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்தார். உம் பக்கத்துல இருக்கேன், வழியில வண்டி ஏதாச்சும் பண்ணுனா நான் பாத்துக்கிடுவேன்லா என்றார்.

"மதினி," என்றாள் ஜெயக்கனி. "மொகம் ஏன் இப்படிப் போச்சு?"

சீட்டுக்கு அடியில் ஏதோ இருக்கிறது, குனிந்து பார்க்க என்னால் ஆகாது, நீ பார் என்று சொன்னாள். தன் குரல் சாதாரணமாக இருந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. சாவியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். ஜெயக்கனி இறங்கி, செம்மண்ணில் முழங்கால் போட்டு, தலையைக் கதவு வழியாக உள்ளே நுழைத்து, முதலில் அங்கே படுக்கப்போட்டிருந்த ஊன்றுகட்டைகளை உருவி வெளியே சாய்த்தாள். அந்தக் கட்டைகள் எப்போதும் அந்த சீட்டுக்கு அடியில்தான். இறங்கும்போது கையை நீட்டினால் எட்டுகிற இடம். முன்பெல்லாம் இழுக்கும்போது ஏதோ ஒயரில் மாட்டி மாட்டி வரும், ஒருநாள் தபால் ஆபீஸ் வாசலில் மாட்டி அவள் விழப்பார்த்தாள், மறுநாள் காலை அவர் சீட்டுக்கு அடியில் படுத்துக் கிடந்தார், இனிமே மாட்டாது, மேல தூக்கிக் கட்டிட்டேன் என்று பனியனில் அழுக்கோடு எழுந்து வந்தார். மேலே தூக்கிக் கட்டினார். எதோடு கட்டினார்? ஜெயக்கனியின் கை உள்ளே துழாவிக்கொண்டிருந்தது. சின்ன வயசில் அண்ணனோடு கொடை நடக்கிற கோயிலுக்கெல்லாம் போய் ஒயர் சுற்றிக்கொடுத்தவள், விரலுக்குப் பழக்கம் இருந்தது. கொஞ்ச நேரம் துழாவினாள். அப்புறம் துழாவல் நின்றது. கையை வெளியே எடுக்கவில்லை.

ரகசிய ஸ்விட்சிலிருந்து பம்புக்குப் போகிற ஒயரைச் சீட்டு ஸ்பிரிங்கோடு கட்டியிருக்கிறது, ஸ்பிரிங் தாழ்ந்தால் ஒயர் இழுபடுகிறது, அதில் ஒரு முறுக்கு ஜாயின்ட், இழுக்க இழுக்க அது கழன்று பெயருக்குத் தொட்டுக்கொண்டிருக்கிறது, பாரத்தோடு ரோட்டில் குலுங்கினால் விட்டுப்போகிறது என்று தலையைத் தூக்காமலே சொன்னாள். மெதுவாக வெளியே இழுத்துக் காண்பித்தாள். பச்சை பூத்த செம்புக் கம்பிகள். அதன்மேல் பாதி அவிழ்ந்த கறுப்பு டேப். டேப்பின் நுனி கத்திரியால் வெட்டினதுபோல நேராக இல்லாமல் பிசிறாக, கடித்தெடுத்ததுபோல இருந்தது. ஜெயக்கனி அந்த நுனியைக் கட்டைவிரலால் தடவினாள். அவள் முகத்தில் அது மெல்ல ஏறுவதை முத்துச்செல்வி பார்த்தாள், பார்க்கக்கூடாத ஒன்றைப் பார்ப்பதுபோல இருந்தது. இத்தனை மாதமாக அந்த முகத்தில் ஒரு கோபம் இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நின்றாள், பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல. இப்போது கம்பி கையோடு வந்துவிட்டது. சொல்லிக்காட்டலாம். உன் அண்ணன் போட்ட ஒயர், உன் அண்ணன் உட்கார்ந்த சீட்டு, நான் உட்கார்ந்திருந்ததற்கும் இதற்கும் என்ன என்று கேட்கலாம். தை மாதத்திலிருந்து இதற்காகத்தானே மனசு வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. கேள்வி தொண்டை வரைக்கும் வந்தது. வந்த இடத்தில் அதற்கு ருசி இல்லாமல் போனது.

"எலி கிலி கடிச்சிருக்கும் ஜெயா," என்றாள்.

ஜெயக்கனி நிமிர்ந்தாள். கண்ணில் மண்ணோ என்னவோ, இமைத்துக்கொண்டே இருந்தாள்.

"எலி டேப் சுத்துமா மதினி?"

காற்று கதவைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. ஜெயக்கனி ஸ்பிரிங்கிலிருந்த முடிச்சை நகத்தால் நெம்பினாள், வரவில்லை, பையிலிருந்து பாக்குவெட்டியை எடுத்து வெட்டினாள். ஒயரை அகலமாகத் தளர்த்தித் தரையோரமாக விட்டாள். செம்புக் கம்பிகளைச் சேலை நுனியால் துடைத்து, ஒன்றோடொன்று சேர்த்து, வலது பக்கமாக முறுக்கி, முறுக்கினதை மடித்துத் திரும்பவும் முறுக்கினாள். டேப் எதுவும் இல்லை. கைக்காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி முத்துச்செல்வியின் பையில் இருந்தது, அதை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றினாள். அவள் சுற்றுகிற விதத்தைப் பார்க்காமலிருக்க முடியவில்லை, ஒவ்வொரு சுற்றுக்கும் முந்தின சுற்றில் பாதியை மூடி, இழுத்து, அமுக்கி. வீட்டில் அவருடைய விரல்களும் அப்படித்தான் சுற்றும். முடித்துவிட்டு, ஊன்றுகட்டைகளைப் பழையபடி சீட்டுக்கு அடியில் வைக்கப் போனவள், ஒயரைப் பார்த்துவிட்டு, அவற்றைப் பின் சீட்டில் வைத்தாள். கையில் கிரீஸ். அதைத் துடைத்துக்கொள்ளாமல் வந்து ஏறி உட்கார்ந்தாள். உட்காருவதற்கு முன்னால் ஒரு கணம் தயங்கினாள், பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்கினாள்.

"அன்னைக்கி நீங்கதான் அண்ணன முன்னால உக்காரச் சொன்னியளா?"

இதற்கு ஆமாம் என்று சொல்லிவிட முடியும் என்று முத்துச்செல்விக்குத் தோன்றியது. சொன்னால் ஜெயக்கனிக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி திரும்பக் கிடைக்கும். அத்தைக்கும் கிடைக்கும். தனக்குமேகூடக் கிடைக்கும், நான்தான் கொன்றேன் என்பது ஒருவகையில் சௌகரியமான எண்ணம், அதற்குள் நாள் முழுவதும் இருக்கலாம், அதில் அவர் தப்பு எதுவும் கிடையாது, அவர் ஒயர் சுத்தம், அவர் கை சுத்தம். ஆனால் அவர் கதவைச் சாத்திவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்தாரே, அது அவர் செய்தது, அதையும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டால் அன்றைக்கு அவருடையது என்று என்ன மிஞ்சும்.

"பின்னால படுங்கன்னுதான் சொன்னேன்," என்றாள். "எம் பக்கத்துல இருக்கணும்னு அவுகதான் முன்னால வந்தாக."

ஜெயக்கனி தலையை ஆட்டினாள். கேட்டதுபோலவும் இருந்தது, ஏற்கெனவே தெரிந்ததுபோலவும் இருந்தது. அன்றைக்கு முற்றத்தில் கேட்டதைப் பற்றி ஏதோ சொல்ல வந்தாள், மதினி நான் அன்னைக்கி என்று ஆரம்பித்தாள், மேலே போகவில்லை. சரி விடு என்று முத்துச்செல்வி சொன்னாள். அதை அவள் உண்மையில் விட்டுவிட்டாளா என்று அவளுக்கே தெரியவில்லை. சில வார்த்தைகள் விடு என்று சொன்னால் போய்விடுவதில்லை, ஆனால் சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது.

சாவியைத் திருப்பினாள். பம்ப் முனகியது. இன்ஜின் எடுத்தது. கம்பியை இழுத்தாள், வண்டி செம்மண்ணிலிருந்து ஏறி ரோட்டுக்கு வந்தது. ஒரு குழியில் தடதடத்தது, இரண்டு பேரும் மூச்சைப் பிடித்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலில் வழக்கம்போல லாரிகள் நின்றன, டிரைவர்கள் இறங்கிக் கும்பிட்டுத் திருநீறு பூசிக்கொண்டிருந்தார்கள், நிறுத்தவா என்று கேட்டாள், வேண்டாம் போங்க என்றாள் ஜெயக்கனி. இந்த இடத்தில்தான் அன்றைக்கு இரண்டாவதாக நின்றது. வண்டி அதைத் தாண்டியது. கல்குவாரிக்குப் போகிற பிரிவு, அங்கே ஒரு தடவை. அதையும் தாண்டியது. ஆரல்வாய்மொழி இறக்கம் வந்தது, காற்று பக்கவாட்டில் தள்ளியது, ஜெயக்கனியின் முழு பாரமும் அந்த சீட்டில் இருந்தது, இன்ஜின் சீராக, கொஞ்சமும் பிசகாமல், கேட்கவே ஆளில்லாததுபோல ஓடிக்கொண்டிருந்தது. போனில் சிக்னல் வந்திருக்க வேண்டும். ஜெயக்கனி தோவாளைக்காரரைக் கூப்பிட்டு, வண்டி இன்னைக்கு வரல அண்ணாச்சி, இனிமேலும் வராது, மன்னிச்சுக்கிடுங்க என்று சொல்லி வைத்தாள். அப்போ எங்கே போகிறோம் என்று இரண்டு பேருமே கேட்டுக்கொள்ளவில்லை. முத்துச்செல்வி சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். எங்கேயாவது ஒரு இருமல் வரும், வந்துவிட்டால் பரவாயில்லை என்று இருந்தது. வரவில்லை. இவ்வளவு லேசானது. ஒரு சாண் ஒயர். ஒரு கட்டு. இப்படித்தான் அன்றைக்கும் போயிருக்கும், அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, ஏதாவது கேலி பேசிக்கொண்டு, இந்த இறக்கத்தில் இறங்கி, இந்த வளைவில் திரும்பி, அதோ தெரிகிற ஊருக்குள் போய், ஆஸ்பத்திரி வாசலில் தானே கதவைத் திறந்து இறங்கியிருப்பார். கோளாறு இருந்தவரைக்கும் அவர் எங்கேயோ வண்டிக்குள்ளேயே இருந்தார், பிடித்தவரை ஏற்றிக்கொண்டு, பிடிக்காதவரை இறக்கிவிட்டுக்கொண்டு, கோபமாகவாவது இருந்தார். இப்போது வண்டி நன்றாக இருக்கிறது. அந்த நன்மையை அவளால் இன்னும் ஒரு பர்லாங்குகூடத் தாங்க முடியாதுபோல இருந்தது.

கம்பியைக் கீழே அமுக்கினாள். வண்டி மெதுவாக ஓரம் கட்டி ஒரு பனைக்கு அருகே நின்றது. சாவியை அணைத்தாள். இன்ஜின் நின்றது, இந்தத் தடவை அவள் நிறுத்தி நின்றது. கை கம்பியை விட்டு இறங்கி மடியில் விழுந்தது, அப்போதுதான் அழுகை வந்தது, முற்றத்திலும் வராதது, பதினாறாம் நாளும் வராதது, ஸ்டியரிங்கின் மேல் அவளைக் குப்புறத் தள்ளியது. நெற்றி பட்டு ஆரன் அடித்தது. ரோட்டில் போன ஒரு ஆட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். ஜெயக்கனி கிரீஸ் கையை நீட்டி அவள் தலையை ஆரனிலிருந்து தூக்கித் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அதற்குப் பின் ஜெயக்கனி அந்த சீட்டை விட்டு அசையவில்லை.